பத்து வயதுக்கு முன்பா, பின்பா?

கண்ணு, படிப்பு முடிந்து முதல் வேலைக்குப் பெரிய காஞ்சிபுரம் போகிறாய். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு நடத்தைக் கோளாறு இருக்கிறதா, இருந்தால் எந்த வகை என்று பார்த்து எழுத வேண்டிய நாற்காலி உனக்குக் கிடைத்திருக்கிறது. வகைகளின் பெயர் உனக்கு மனப்பாடம். அந்தப் பெயரை எழுதும் கைக்கு வேண்டிய நிதானத்தைப் பற்றித்தான் பெரியம்மா சொல்லப் போகிறேன். வகை என்று நாம் எழுதுவது பெரும்பாலும் களைத்துப்போன ஒரு தாயின் நினைவிலிருந்தும், கோபத்தில் இருக்கும் ஒரு தகப்பனின் வாயிலிருந்தும் வருகிறது. அதை மறக்காமல் இருந்தால் பாதி வேலை கற்றுக்கொண்டாய்.

1. வகையைத் தேடுவதற்கு முன் நோய் இருக்கிறதா என்று பார். மனநோய்களை வகைப்படுத்தும் புத்தகமான டி.எஸ்.எம்.-5 மொத்தம் 15 செயல்களை நான்கு கூட்டமாக வைத்திருக்கிறது: மனிதரையோ விலங்கையோ துன்புறுத்துவது, பொருளை நாசம் செய்வது, பொய்யும் திருட்டும், விதிகளைப் பெரிதாக மீறுவது. கடந்த 12 மாதத்தில் 3 செயலாவது இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது கடந்த 6 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பிள்ளையின் படிப்போ உறவோ வேலையோ அதனால் கெட்டிருக்க வேண்டும். பள்ளி வாசலில் ஒரு நாள் நடந்த அடிதடியை வைத்து எதையும் எழுதாதே. பெற்றோர் தடுத்தும் ராத்திரி வெளியே தங்குவது பட்டியலில் உண்டுதான். ஆனால் அந்தப் பழக்கம் 13 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. பங்குனியில் ஏகாம்பரநாதர் கோயில் பிரம்மோற்சவம் நடக்கும்போது ராஜ வீதிகளில் நள்ளிரவுக்கு எத்தனை பையன்கள் நிற்கிறார்கள் என்று போய்ப் பார். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கவனமாகக் கேட்பாய்.

2. ஊருக்குப் பிடிக்காதது எல்லாம் நோயல்ல. வேறு சாதிப் பெண்ணோடு பேசுகிறான் என்பதற்காகப் பதினேழு வயதுப் பையனை நான்கு பேர் பிடித்து அழைத்து வருவார்கள். "ரெண்டு தடவை ஓடிப்போயிட்டான் மேடம், இவனுக்கு ஏதோ கோளாறு" என்பார்கள். வீட்டை விட்டு இரண்டு முறை இரவில் ஓடியது என்ற வரி பட்டியலில் கச்சிதமாகப் பொருந்தும். அங்கேதான் நீ நிற்க வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சமூகத்தின் ஒழுக்க, பண்பாட்டு, மத நம்பிக்கைகளுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவு கட்டக் கூடாது என்கிறது. அந்த வரியை அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள். உனக்காக இல்லாவிட்டாலும் எதிரே உட்காருகிறவர்கள் படிக்கட்டும்.

3. வயதை வருஷத்தில் கேட்காதே, ஊரின் நினைவில் கேள். இப்போதைய வகைப்பாட்டின் நடு முள் 10 வயதுதான். பத்துக்கு முன்னால் ஒரே ஒரு அறிகுறியாவது இருந்தால் குழந்தைப் பருவத்தில் தொடங்கியது. ஒன்றுமே இல்லையென்றால் வளரிளம் பருவத்தில் தொடங்கியது. உலகளாவிய நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இதே இரண்டு வகையைத்தான் வைத்திருக்கிறது. எழுத்தில் இவ்வளவு எளிது. எதிரில் இருக்கும் அம்மாவிடம் "எந்த வயசுல ஆரம்பிச்சது?" என்று கேள். "பொறந்ததுல இருந்தே இப்படித்தான்" என்பாள். நேற்று அவன் அவளுடைய தாலிச் சரட்டை அடகு வைத்திருந்தால் அவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

அதனால் இப்படிக் கேள்: "அத்திவரதர் வந்தப்ப இவன் என்ன வகுப்பு?" அத்திவரதர் தரிசனம் நடந்தது 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அந்த நாட்களில் காஞ்சிபுரத்தில் எந்த வீட்டில் யார் வந்து தங்கினார்கள், எந்தத் தெருவில் வண்டி விடவில்லை, பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்பதெல்லாம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இப்போது பதினாறு, பதினேழு வயதில் இருக்கும் பையனுக்கு அப்போது பத்து வயதை ஒட்டியிருக்கும். கோடு விழ வேண்டிய இடத்திலேயே விழுகிறது. "அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துல கூப்பிட்டுப் புகார் சொன்னாங்களா? அக்கம்பக்கத்துல சண்டைக்கு வந்தாங்களா?" என்று அடுத்துக் கேள். பல வீடுகளில் அந்த அம்மா சற்று யோசித்துவிட்டு, "இல்ல மேடம், அப்ப நல்லாத்தான் இருந்தான்; தாத்தாவைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேவிச்சுட்டு வந்தான்" என்பாள். பிறந்ததிலிருந்து என்றவள் அவளேதான்.

இன்னும் சின்னவர்களுக்குக் கொரோனாவை வைத்துக் கேள். ஆனால் ஒன்று கவனி. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் தமிழ்நாட்டில் 8ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. பள்ளிக்கு மட்டம் போடுவது 13 வயதுக்கு முன் தொடங்கினால் அறிகுறி என்கிறது புத்தகம். பள்ளியே இல்லாத இருபது மாதத்தில் வேலைக்குப் போய்க் காசு பார்த்த பையன், திறந்த பிறகு வகுப்பில் உட்கார மறுத்ததை எந்தக் கணக்கில் வைப்பாய்? அது தனியாக எழுத வேண்டிய செய்தி.

4. தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுது. தொடங்கிய வயது குறிப்பிடப்படாதது என்று மூன்றாவது வகை ஒன்று டி.எஸ்.எம்.மில் இருக்கிறது. அதை எழுதக் கூச்சப்படுவார்கள். வேலை தெரியாதவர் என்று மேலே இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம். அம்மா இல்லாமல், விடுதியிலோ உறவினர் வீட்டிலோ வளர்ந்த பையனுக்கு அவனது எட்டாவது வயதைச் சொல்ல யாருமே இல்லாமல் இருப்பார்கள். அவனுக்கு ஒரு குழந்தைப் பருவத்தைக் கற்பித்து எழுத உனக்கு உரிமை இல்லை.

5. தொடங்கிய வயதை ஜாதகமாக ஆக்காதே. டெர்ரி மொஃபிட் 1993இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பிரிவு இவ்வளவு வலுப்பெற்றது. வாழ்நாள் முழுதும் தொடர்கிறவர்கள் சிலர், வளரிளம் பருவத்தோடு விட்டுவிடுகிறவர்கள் பலர் என்றார். அவர் கைவசம் நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் 1972-73இல் பிறந்த 1,037 பிள்ளைகள் இருந்தார்கள். மூன்று வயதிலிருந்து திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்து, அன்றன்றே எழுதிவைத்த ஆய்வு அது. அவர்கள் நடக்கும்போதே எழுதினார்கள். நாம் நடந்து முடிந்த பிறகு கேட்டு எழுதுகிறோம். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு அவருடைய முடிவைப் பயன்படுத்து. அந்த ஆய்வே பின்னாளில், வளரிளம் பருவத்தில் தொடங்கியவர்களிலும் சிலர் 26 வயதில் தடுமாறிக்கொண்டிருந்ததைக் காட்டியது.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா மேடம்?" என்று தகப்பன்மார் கேட்பார்கள். ஐந்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் பதினைந்து இருக்கிறது, அதற்காகத்தான் நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல். வெறும் ஆறுதலுக்காகச் சொல்வதல்ல இது. லீ ராபின்ஸ் 1966இல் வெளியிட்ட நெடிய பின்தொடர் ஆய்வு, சமூக விரோதப் போக்குள்ள பெரியவர்களின் குழந்தைப் பருவத்தில் ஏறக்குறைய எப்போதும் இந்தக் கோளாறு இருந்ததைக் காட்டியது. திருப்பிக் கேட்டால், கோளாறு இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படிப்பட்ட பெரியவர்களாக ஆகவில்லை. இந்த இரண்டு வாக்கியமும் ஒன்றல்ல. குழப்பிக்கொள்கிறவர்கள் உன்னைவிடப் பெரிய பட்டம் வைத்திருப்பார்கள்.

6. பழைய வகைகளைத் தூக்கி எறியாதே. நாங்கள் படித்த காலத்தில் வகை வேறு. 1980இல் வந்த டி.எஸ்.எம்.-3, சமூகப் பிணைப்பு உண்டா இல்லையா, வன்முறை உண்டா இல்லையா என்று நாலாகப் பிரித்தது. 1992இன் ஐ.சி.டி.-10, குடும்பத்துக்குள் மட்டும் நிற்பது, கூட்டாளி இல்லாதவனுடையது, கூட்டாளியோடு சேர்ந்தவனுடையது என்று பிரித்தது. இப்போது அந்தத் தலைப்புகள் போய்விட்டன, கேள்விகள் போகவில்லை. தனியாகத் திருடுகிறானா, கூட்டத்தோடா? பிடிபட்டபோது நண்பனைக் காட்டிக்கொடுத்தானா? கூட்டாளிக்காக அடி வாங்கிய பையனிடம் விசுவாசம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யலாம்.

குடும்பத்துக்குள் மட்டும் என்ற வகை இந்த ஊரில் கொஞ்சம் சிக்கல். பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் வீடும் பட்டறையும் ஒன்றுதான். பையன் வீட்டிலிருந்து ஜரிகை எடுத்து விற்றால் அது அப்பாவின் பொருளல்ல, முதலாளி கொடுத்தது. கூலியில் பிடிப்பார்கள், கடன் ஏறும். வீட்டுத் திருட்டா வெளித் திருட்டா என்று அந்தப் பையனுக்கே தெரியாது. எழுதும்போது விவரமாக எழுது, ஒரு சொல்லில் முடிக்காதே.

7. ஓடினான் என்றால் எதிலிருந்து ஓடினான் என்று கேள். உடல் கறுப்பும் கரை சிவப்புமாக, இரண்டு நிறத்தில் கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளும் இடம் நெடுங்காலம் சிறு பிள்ளைகளுடையதாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளை தறியில் உட்கார்ந்து கழிப்பதைப் பற்றி 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் வருகிறது. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் வந்தது 1976இல் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள். தறியிலிருந்து ஓடிய பிள்ளையை, வீட்டை விட்டு ஓடுகிறான், பள்ளிக்குப் போவதில்லை, பொய் சொல்கிறான் என்று மூன்று கட்டத்தில் குறியிட்டால் நோய் தயாராகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர், இன்று பேரன் எடுத்தவர், சிறுவயதில் அப்படி ஓடி பஸ் ஸ்டாண்டில் தூங்கியவர். "எனக்கு வியாதின்னு யாராவது எழுதியிருந்தா முதலாளிக்கு நல்லாயிருந்திருக்கும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

இன்று பிள்ளைகள் தறியில் உட்காருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இளைஞர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஆனால் கடைகளிலும் பட்டறைகளிலும் முன்பணம் இன்னும் இருக்கிறது, "அட்வான்ஸ் ஏதும் வாங்கியிருக்கா?" என்ற கேள்வியை விட்டுவிடாதே. அடி தாங்காமலோ பாலியல் கொடுமையாலோ ஓடியதை வழக்கமாக அறிகுறியாக எண்ணுவதில்லை என்று டி.எஸ்.எம்.மே சொல்கிறது. ஓடியதைக் கேட்டவர்கள் எதிலிருந்து ஓடினான் என்பதையும் கேட்டார்களா என்று பழைய கோப்புகளைப் புரட்டிப் பார். எரிச்சலாக இருக்கும்.

8. கல் மாதிரி நிற்கிறான் என்பதை வைத்துக் கல்நெஞ்சன் என்று எழுதாதே. பிறர்மேல் கசியும் உணர்வு குறைவு என்ற துணைக்குறிப்பு 2013இல் டி.எஸ்.எம்.-5உடன் வந்தது. குற்ற உணர்வு இல்லாமை, இரக்கம் இல்லாமை, தன் படிப்பு, வேலை பற்றிக் கவலை இல்லாமை, மேலோட்டமான உணர்ச்சி: இந்த நாலில் இரண்டு, 12 மாதம், ஒன்றுக்கு மேற்பட்ட உறவிலும் இடத்திலும் தெரிய வேண்டும். பையனின் வாய்மொழி போதாது, அவனை நெடுநாள் அறிந்தவர்களிடமும் கேள் என்று வற்புறுத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குக் கூடுதல் காரணம் உண்டு. பெரியவர்கள் முன்னால் தலை குனிந்து வாயை மூடி நிற்பதைத்தான் இவனுக்குச் சின்ன வயதிலிருந்து கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். "அழுதா அடி விழும்" என்று வளர்ந்தவன் உன் மேசை முன்னால் அழ மாட்டான். மார்க் பற்றிக் கவலையே இல்லை என்கிறார்களா? முதலில் அவன் கையில் நாலாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல். எழுத்துக் கூட்டத் தெரியாமலே ஒன்பதாம் வகுப்பு வந்தவன் கவலைப்படுவதை எப்போதோ நிறுத்தியிருப்பான்.

அவன் யாரிடம் மென்மையாக இருக்கிறான் என்று தேடு. பாட்டியாக இருக்கலாம், மொட்டை மாடியில் வளர்க்கும் புறாவாக இருக்கலாம். ஒன்றுமே கிடைக்கவில்லையென்றால் அப்போது அந்தக் குறிப்பை எழுது, அதற்கும் இடம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டாலும் அநியாயம், அப்படிப்பட்ட பையனுக்கு வேறு விதமான உதவி வேண்டும். லண்டனில் ஜான் பௌல்பி 44 சிறு திருடர்களைப் பார்த்து 1944இல் எழுதினார். அதில் 14 பேரைப் பாசமற்றவர்கள் என்று பிரித்தார். பிரித்த கையோடு அவர்களது பச்சைப் பருவத்தைத் தோண்டினார். அந்த 14 பேரில் 12 பேர் சின்ன வயதில் நெடுநாள் தாயைப் பிரிந்திருந்தவர்கள். சின்ன ஆய்வுதான், குறை சொல்ல நிறைய இருக்கிறது. வகையை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் ஏன் என்று அடுத்த வரிக்குப் போனாரே, அந்தக் குணத்தை மட்டும் அவரிடம் எடுத்துக்கொள்.

9. ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு பல நோய்கள் வரும். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும், மனச்சோர்வு, அறிவு வளர்ச்சிக் குறை, வலிப்பு, கூல் லிப் புகையிலையில் தொடங்கிக் கஞ்சாவுக்கும் மாத்திரைக்கும் போன பழக்கம். பள்ளியில் சண்டை போடும் பையனின் தூக்கத்தையும் பசியையும் கேள். தற்கொலை எண்ணத்தை நேராகக் கேள். பெண் பிள்ளை என்றால் இன்னும் கவனம். ஆண்பிள்ளைக்குச் சண்டையும் திருட்டும் இருந்தால்தான் கூட்டி வருவார்கள். பெண் பிள்ளையை ஒரு செல்போன் கிடைத்ததற்கே கூட்டி வந்துவிடுவார்கள்.

10. இளைஞர் நீதிக் குழுமம் கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் சொல். 16 வயது முடிந்த பிள்ளைமேல் கொடிய குற்றம் சாட்டப்பட்டால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். அதற்கு உன்னைக் கூப்பிடலாம். அந்தச் செயலைச் செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்ததா, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்பதுதான் கேள்வி. செய்தானா என்பது உன் வேலையே அல்ல. அது விசாரணை இல்லை என்று சட்டமே விளக்கம் கொடுத்திருக்கிறது. குழந்தைப் பருவத்தில் தொடங்கிய நடத்தைக் கோளாறு என்று எழுதினால், பெரியவன் மாதிரி யோசித்துச் செய்தான் என்று படிக்க ஒரு கூட்டம் காத்திருக்கும். வகைக்கும் திறனுக்கும் அப்படி நேர்க்கோடு கிடையாது என்று நீயே ஒரு வாக்கியம் சேர்த்துவிடு. 2022இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இந்த மதிப்பீடு நுட்பமான வேலை, இதற்கென்று வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று சொன்னது. பதினெட்டு ஆகாதவனுக்குச் சமூக விரோத ஆளுமை என்ற பட்டம் கிடையாது. 'குற்றவாளி', 'திருந்தாதவன்' போன்ற சொற்களும் வேண்டாம். பழி சேர்க்கும் சொல்லை விலக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் உள்ள அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. சிறுவனைச் சிறுவனாகப் பார்க்க இந்தியாவில் முதலில் தனிச் சட்டம் கொண்டுவந்தது நம் சென்னை மாகாணம்தான், 1920இல். அந்தப் பெருமையைக் காப்பாற்றுவது இப்போது உன் மாதிரி ஆட்களின் அறிக்கையில் இருக்கிறது.

11. கெட்டுப்போன பையன்களையெல்லாம் ஒரே அறையில் உட்காரவைத்து வகுப்பு எடுக்காதே. செலவு குறைவு, போட்டோவுக்கும் நன்றாக இருக்கும்; எல்லா அலுவலகத்திலும் இந்த யோசனை வரும். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஊர்ப் பையன்களுக்கு 1930களின் கடைசியில் தொடங்கிய ஒரு நல்லெண்ணத் திட்டத்தை ஜோன் மெக்கார்ட் முப்பது வருஷம் கழித்துத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றவர்கள் பெறாதவர்களைவிடச் சில விஷயங்களில் மோசமாக இருந்தார்கள். நல்லெண்ணமே கெடுதல் செய்யலாம் என்றால், கூட்டாளியால் கெட்டவனுக்கு இன்னும் பத்துக் கூட்டாளியை நீயே அறிமுகம் செய்து வைப்பானேன்? அம்மா அப்பாவோடு வேலை செய். அடியாத மாடு படியாது என்று வரும் அப்பாவிடம் சண்டை போடாதே. அடித்துப் பார்த்தீர்களே, படிந்ததா என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திரு.

12. எழுதிய வகைக்குப் பக்கத்தில் தேதி போடு, யார் சொல்லித் தெரிந்தது என்றும் போடு. ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று அங்கேயே எழுது. கோப்பு ஊர் ஊராகப் போகும், பள்ளிக்குப் போகும், சில சமயம் செங்கல்பட்டு சிறப்பு இல்லம் வரைக்கும் போகும். எழுதிய நீ கூடப் போக மாட்டாய். மறுமுறை வரச் சொல்லும்போது நாள் பார்த்துச் சொல். தறி வீட்டுக்காரர்களுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு, அதனால் அம்மா மட்டும் தனியாக வருவாள், அப்பா வரவே மாட்டார். அமாவாசைக்குத் தறியை நிறுத்தும் வீடுகள் உண்டு. உங்கள் வீட்டில் நிறுத்துவீர்களா என்று கேட்டு, நிறுத்துவோம் என்றால் அந்த நாளையே சீட்டில் எழுதிக் கொடு. அப்பாவும் பையனும் ஒரே வண்டியில் வரட்டும்.